அறையில் ஆட்கள்: இல்லை

ஜூன் 9

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே நான் நலம். நீயும் வாண்டுவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் எனக்கு "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வருவதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். கடிதம் என்றால் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். இது மூன்றாவது பிரதி.

நீ விட்டுவிட்டுப் போன ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. உன்னைக் கேட்காமல் எடுத்துப் படித்தேன். காற்றில் உள்ள தூசியை அளப்பது பற்றி அதில் ஒரு செய்முறை இருக்கிறது. வெள்ளை அட்டையில் ஒரு சதுரம் வரைந்து, அதில் வாசலினை மெல்லியதாகத் தடவி, வெவ்வேறு இடங்களில் தொங்கவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து, சதுரத்துக்குள் ஒட்டியிருக்கும் துகள்களைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

நீ கிளம்பிய அன்று, எதிரே இருக்கும் மர அறுப்புப் பட்டறையின் தூள்தான் குழந்தைக்கு இழுப்பு வருவதற்குக் காரணம் என்று சொன்னாய். அதை நான் மறுக்கவில்லை. மறுக்க நான் யார்? ஆனால் முப்பது வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன். அளக்காத ஒன்றைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் அளந்தேன்.

நான்கு அட்டைகள் தொங்கவிட்டேன். தெருப்பக்கச் சன்னலில் நாற்பத்தொன்று. பின்பக்க பால்கனியில் இருபத்துமூன்று. சமையலறையில் பத்தொன்பது. வாண்டுவின் அறையில் ஏழு. அதை மட்டும் மூன்று முறை எண்ணினேன். இரண்டாவது முறை எட்டு வந்தது, மூன்றாவது முறை மறுபடி ஏழு. அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

இதிலிருந்து குழந்தையின் அறையில் தூசி அவ்வளவாக இல்லை என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன். இதனால் நீ செய்தது தவறு என்றோ, உடனே திரும்பி வர வேண்டும் என்றோ அர்த்தமில்லை. அங்கே உனக்குத் தற்காலிக வேலைதான் என்றாலும் வேலை வேலைதான். ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்.

கப்பலிலிருந்து உன் கணவன் போன வாரம் பேசினான். "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றான். "ம்" என்றேன்.

உன் மாமா

இணைப்பு: அட்டவணை ஒன்று. (இடம், சன்னல், பட்டறை, அறையில் ஆட்கள், துகள்கள் என ஐந்து கட்டங்கள்.)

*

ஜூன் 17

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தையும் அட்டவணையையும் பார்த்தேன். கோடெல்லாம் அளவுகோல் வைத்துப் போட்டிருக்கிறீர்கள். என் வகுப்பில் யாரும் இவ்வளவு அழகாகப் போட மாட்டார்கள். ஆனாலும் நான் உங்களுக்குப் பத்துக்கு நாலுதான் போடுவேன்.

ஏன் என்று சொல்கிறேன். வாத்தியார் வேலை பார்ப்பவள், விட மாட்டேன்.

ஒரு சோதனையில் நாமாக மாற்றுவது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அது சாரா மாறி. அதனால் என்ன ஆகிறது என்று அளப்பது சார்ந்த மாறி. மீதி எல்லாம் ஆடாமல் அசையாமல் அப்படியே இருக்க வேண்டும். நீங்கள் இடத்தை மாற்றியதாக நினைக்கிறீர்கள். தெருச் சன்னல் திறந்திருந்தது, குழந்தை அறைச் சன்னல் மூடியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மாறியது இடமா, சன்னலா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. அந்த அறையில் இப்போது யாரும் ஓடுவதில்லை, போர்வையை உதறுவதில்லை, கட்டில் மேலிருந்து தரையில் குதிப்பதில்லை. குழந்தை இல்லாத அறையில் தூசியை எண்ணிவிட்டு, குழந்தைக்கு இந்த அறை நல்லது என்கிறீர்கள். ஆள் போகாத ஆற்றில் அலை இல்லை என்று சொல்வது போல இருக்கிறது.

என் வகுப்பிலும் இந்தச் சோதனையைத்தான் செய்தோம். ஒரு பெண் தன் அட்டையை அம்மாவின் பீரோவுக்குள் தொங்கவிட்டாள். "மிஸ், எங்க வீட்லதான் தூசியே இல்ல!" என்று மூன்று நாள் பெருமை அடித்துக்கொண்டாள். நீங்களும் அவளும் ஒரே பெஞ்சில் உட்காரலாம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் குழந்தை என் தோளில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பட்டறையைத் திட்டினேன். நீங்கள் மெதுவாக, எப்போதும் போல ரொம்ப மெதுவாக, "அதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டீர்கள். உங்கள் மகனாக இருந்தால் கத்திச் சண்டை போட்டிருப்பேன். உங்களிடம் எப்படிப் போடுவது? பதிலுக்குக் கத்த ஒரு சத்தம்கூட நீங்கள் தரவில்லை. அதனால்தான் பெட்டியை எடுத்தேன்.

சாப்பிடுகிறீர்களா? சமையலறை அட்டையில் தூசி குறைவு என்றதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அடுப்பு எரிகிற வீடா அது?

உங்கள் மருமகள்

*

ஜூலை 21

அன்புள்ள மருமகளுக்கு,

நாலு மதிப்பெண் போட்டது சரிதான். மூன்று போட்டிருந்தாலும் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. வேறு இடங்களை விட்டுவிட்டு வாண்டுவின் அறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே உயரம், ஒரே அளவு அட்டை, ஒரே டப்பா வாசலின். முதல் வாரம் சன்னலை மூடி வைத்தேன். அறைக்குள் அட்டையை மாட்டவும் எடுக்கவும் தவிர நுழையவில்லை. எட்டு. அடுத்த வாரம் சன்னலை மட்டும் திறந்து வைத்தேன். பன்னிரண்டு. பட்டறை இரண்டு வாரமும் முழுவீச்சில் ஓடியது.

மூன்றாவது வாரம் சன்னலை மறுபடி மூடிவிட்டு, நீ சொன்ன இன்னொன்றை மாற்ற வேண்டியிருந்தது. அதாவது அசைவு. எப்படி மாற்றுவது என்று எனக்கு முதலில் புரியவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் செய்முறையை மறைக்கக் கூடாது. காலையிலும் மாலையிலும் நான் அந்த அறைக்குள் போய் ஓடினேன். கட்டிலைச் சுற்றி ஓடுவேன். போர்வையை உதறி மடிப்பேன். பொம்மைக் கூடையைக் கவிழ்த்து, திரும்ப எடுத்து வைப்பேன். கட்டில் மேல் ஏறிக் குதிக்கப் பார்த்தேன், முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் நின்ற இடத்திலேயே குதித்தேன். அவளுக்கும் எனக்கும் எடை வித்தியாசம் இருக்கிறதே என்ற சந்தேகம் வந்தது. அதனால் மெதுவாகக் குதித்தேன். அதற்கு மேல் அதைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை.

நாலாவது நாள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்தார். "என்ன சார், பேத்தி வந்தாச்சு போல? மேல தடதடன்னு சத்தம் கேக்குதே!" என்றார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் "ம்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வெட்டுத்துணிகளை வைத்து ஒரு பொம்மை தைத்துக் கொண்டுவந்து, "குழந்தை தூங்குதா? சரி, எழுந்ததும் குடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். பொம்மை சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிர் நாற்காலியில் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த வாரத்துக் கணக்கு: முப்பத்தொன்று.

நான் எண்ணி முடித்த மறுநாள், எதிர்ப் பட்டறையில் வாள் இயந்திரம் பழுதாகி ஒரு வாரம் மூடிவிட்டார்கள். நான் கேட்காமலேயே கிடைத்த வாய்ப்பு. அந்த வாரமும் ஓடினேன். தெருச் சன்னலிலும் மறுபடி ஓர் அட்டை மாட்டினேன், அங்கே தூசி முதல் கணக்கில் பாதியாகக் குறைந்தது. அறையில் மட்டும் இருபத்தொன்பது.

நான் புரிந்துகொண்டது இது. பட்டறைத் தூள் தெருச் சன்னலில் படிகிறது, உண்மை. ஆனால் குழந்தையின் அறையில் எழுவது அது அல்ல. அது ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிற தூசி. யாரும் நடக்காதவரை தரையில் படுத்திருக்கிறது, நடந்தால் எழுந்துவிடுகிறது. நான் ஏழு என்று எழுதி அனுப்பினேனே, அது சுத்தமான அறையின் எண் அல்ல. அசையாத அறையின் எண்.

எனவே, குழந்தையை இந்த வீட்டிலிருந்து நீ தூக்கிக்கொண்டு போனது சரி. காரணமாகப் பட்டறையைச் சொன்னது மட்டும்தான் சரியில்லை. காரணம் வீடுதான். இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. வேறு விதமாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படி வந்திருந்தால் நான் அதை நம்பியிருக்கவும் மாட்டேன்.

அடுப்பு எரிகிறது. ஒரு வேளை.

உன் மாமா

இணைப்பு: அட்டவணை இரண்டு. (கூடுதலாக 'அசைவு' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.)

*

ஜூலை 29

மாமா,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. "நின்ற இடத்திலேயே குதித்தேன்" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கணக்கு டீச்சர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன டீச்சர், ஊர்ல ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். அப்போதுதான் முகம் ஈரமாக இருப்பது தெரிந்தது.

அட்டவணையில் ஒரு வரி: "அறையில் ஆட்கள்: இல்லை. அசைவு: உண்டு." பேயா மாமா குதித்தது?

சரி. நீங்கள் உங்களுக்கு எதிரான எண்ணை மறைக்காமல் எழுதிவிட்டீர்கள். இனி நான் மறைத்தால் நாளைக்கு வகுப்பில் போர்டு பக்கம் திரும்பவே வெட்கமாக இருக்கும்.

வாண்டுவுக்கு இங்கே வந்த பிறகும் இழுப்பு வந்தது. இரண்டு தடவை. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. இங்கே எதிரே பட்டறை கிடையாது. பெரிய மைதானமும் அதற்கப்பால் மரங்களும்தான். டாக்டர் கேட்டார், "சளி பிடிச்சா வருதா? குளிர் காத்து பட்டா வருதா?" நான் யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டில் வந்தபோதெல்லாம் அவளுக்குச் சளி இருந்திருக்கிறது. அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. "வளர வளரக் குறையலாம், தூசியைக் குறைச்சா நல்லது, ஆனா ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு அதான் காரணம்னு உட்காராதீங்க" என்றார். பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்கிற வாக்கியம் அது. ஒருவர் என்னிடமே திருப்பிச் சொன்னார்.

இதை உங்களுக்கு ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் கிளம்பி வந்தது வீண் என்று ஆகிவிடும். எனக்குச் சாதகமாக இல்லாத தரவை நான் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆகவே தூசிக்காக நான் கிளம்பவில்லை மாமா. தூசி ஒரு சாக்கு. அந்த வீட்டில் அத்தை இறந்த பிறகு பேச்சே இல்லை. நான் பேசுவேன், நீங்கள் "ம்". குழந்தை பேசுவாள், நீங்கள் "ம்". கப்பலிலிருந்து போன் வந்தாலும் "ம்". கடைசி நாள் டாக்சி கீழே நின்றது. நான் வாசலில் பெட்டியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? வேண்டுமென்றேதான் நின்றேன். நீங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ரயிலுக்கு நேரமாகுதும்மா" என்றீர்கள்.

இங்கே வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்கிறார்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களிடம் கேட்காமல் முடிவு செய்ய எனக்கு விருப்பமில்லை. கேட்டுவிட்டேன்.

இத்துடன் எங்கள் அறையில் தொங்கவிட்ட அட்டையை அனுப்புகிறேன். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், பத்திரமாகத் திறக்கவும்.

உங்கள் மருமகள்

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள மருமகளுக்கு,

அட்டை சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. சதுரத்தின் நடுவில் ஒரு விரல் தடம் இருக்கிறது. சின்னது. வாசலினில் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. சோதனை விதிப்படி இந்த அட்டை கெட்டுவிட்டது, துகள்களை எண்ண முடியாது. பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தேன். எண்ணவில்லை.

குழந்தைக்கு இழுப்பு வந்ததை நீ சொல்லாததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் நீ தனியாக உட்கார்ந்திருந்திருப்பாய் என்பதில் இருக்கிறது.

அன்று கடிகாரத்தைப் பார்த்தது உண்மை. வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை பற்றிக் கேட்டிருக்கிறாய். நிரந்தர வேலை சும்மா கிடைப்பதில்லை. மைதானம், மரங்கள், நல்ல காற்று. டாக்டரும் பக்கத்தில் இருக்கிறார். யோசிக்க எதுவும் இல்லை, ஒத்துக்கொள். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எனக்கு இங்கே பழகிவிட்டது. மாதம் ஒரு முறை அளவெடுத்து அனுப்புகிறேன், அதற்கு உபயோகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஓடுவதை நிறுத்திவிட்டேன். சோதனை முடிந்துவிட்டதே. மாலையில் அந்த நேரம் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் அறை வாசல்வரை போய்விட்டு வருகிறேன். கீழே தையல் மிஷின் சத்தம் நின்று நின்று கேட்கிறது. தையல்காரம்மா மேலே காது கொடுக்கிறாரோ என்று நினைத்துக்கொள்கிறேன். என் கற்பனையாக இருக்கலாம்.

உன் மாமா

இணைப்பு: அட்டவணை மூன்று. (மாத அளவு, முதலாவது. நான்கு இடங்களும்.)

*

ஆகஸ்ட் 12

மாமா,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலை நிரந்தரம். சந்தோஷம்தானே?

பத்தாம் தேதி மாலைவரை அலுவலக அறைப் பக்கமே போகவில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "மைதானம், மரங்கள், நல்ல காற்று." வீட்டுத் தரகர் எழுதியது போல இருக்கிறது. "வந்துவிடு" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் நான் வந்திருப்பேனா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல் என் பையில் இருந்திருக்கும்.

கோபத்தில் உங்கள் மூன்று அட்டவணைகளையும் மேசையில் பரப்பினேன். தப்பு கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடித்தேன். அன்றைக்குப் பேய் என்று கிண்டல் செய்துவிட்டு விட்டுவிட்டேன், இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லா வரியிலும் "அறையில் ஆட்கள்: இல்லை." சமையலறை: ஆட்கள் இல்லை. அங்கே ஒரு வேளை சமைத்தது யார்? பால்கனி: ஆட்கள் இல்லை. தெருச் சன்னல்: ஆட்கள் இல்லை. பட்டறை மூடியிருந்ததை எங்கே நின்று பார்த்தீர்கள்? வாரம் முழுக்க முட்டி வலிக்க ஓடிவிட்டு, அந்த அறையிலும் ஆட்கள் இல்லை என்று, அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் மாமா. உங்களை எண்ணவே இல்லை.

உங்கள் பழைய கதை ஒன்றை வாண்டுவுக்குச் சொல்வீர்களே, நீங்கள் வாய் திறந்து பேசிய ஒரே கதை. கடைக்காரர் தராசுத் தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "முள் நேரா நிக்குது பாருங்க சார்" என்பார். நீங்கள் தயங்கித் தயங்கி, "ஐயா, அந்த விரலை மட்டும் கொஞ்சம் எடுக்கறீங்களா?" என்பீர்கள். அவள் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்பாள். உங்கள் கணக்கிலும் ஒரு விரல் இருந்திருக்கிறது.

இன்னொன்று. சன்னலை மாற்றிப் பார்த்தீர்கள், அசைவை மாற்றிப் பார்த்தீர்கள். நானும் ஊரை மாற்றிப் பார்த்தேன், வேலையை மாற்றிப் பார்த்தேன். நாம் இருவரும் மாற்றாமல் கட்டிப் போட்டு வைத்தது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் அங்கேதான் இருப்பீர்கள் என்பது. ஏன் அப்படி? யார் விதித்தது?

இங்கே இரண்டு அறைகள். சின்னதில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது. நான் பள்ளியிலிருந்து வரும்வரை வாண்டுவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். அவள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் "வாருங்கள்" என்று எழுதுகிறேன். எழுதுவது கஷ்டமாக இல்லை, பார்த்தீர்களா?

வாண்டு பக்கத்தில் நின்று சொல்கிறாள், அப்படியே எழுதுகிறேன்: "தாத்தா, அது நான்தான் தொட்டேன். அம்மா திட்டினா. நீ எண்ணுவேன்னுதான் தொட்டேன். ஒண்ணுதான் இருக்கு, ஈஸி."

உங்கள் மருமகள்

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று பதில் எழுத உட்கார்ந்தேன். நான் வந்தால் உங்களுக்கு இடைஞ்சல், எனக்கு இருமல் உண்டு, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா தெரியாது என்று இரண்டு பக்கம் எழுதினேன். திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. கிழித்துவிட்டேன்.

அட்டவணைகளில் நீ கண்டுபிடித்த பிழை என் கண்ணில் படவே இல்லை. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தவன் நான். தராசில் எடையை வைக்கும் முன் வெறும் தட்டில் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் வெறும் தட்டு என்று நினைத்து எழுதிய ஏழிலும் எட்டிலும் நான் இருந்திருக்கிறேன். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் யாரும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைத்தான் எழுதினேன். வேண்டுமென்று எழுதவில்லை.

நேற்றுத் தையல்காரம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். பொம்மையையும் கையில் எடுத்துக்கொண்டேன். "அம்மா, அன்னைக்கு நான் 'ம்'னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "தெரியும் சார். குழந்தை ஓடினா நடுவுல நின்னு மூச்சு வாங்காது" என்றார். பிறகு கேட்டார்: "அப்போ பொம்மையை எப்போ கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை" என்றேன். சொல்லும்வரை எனக்கே தெரியாது. அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்கினேன்.

ஆகவே அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை காலை வந்து சேருவேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டியதில்லை. வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்காதே. ஒரே ஒரு முறை செய்து பார்த்ததை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று உன் புத்தகத்தில், அந்தப் பாடத்தின் கடைசிப் பத்தியில் போட்டிருக்கிறது. குறைந்தது மூன்று முறையாவது செய்து சராசரி எடுக்க வேண்டுமாம்.

பேச்சு விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதே. பழக்கம் விட்டுப்போய்விட்டது. வாண்டு கேள்வி கேட்டால் முயற்சி செய்வேன்.

பெட்டியில் இரண்டு வேட்டி சட்டைகள், இருமல் மருந்து, பூதக்கண்ணாடி, பொம்மை. விரல் தடம் உள்ள அட்டையும் டப்பாவோடு வருகிறது. அவள் சொன்னது சரி: ஒன்று. எண்ணிவிட்டேன் என்று சொல்.

சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். நான் சொல்லும்வரை மேலே கதவைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா சார்?" என்றார்.

கிளம்பும்போது வாண்டுவின் அறையில் ஒரு புது அட்டையை மாட்டிவிட்டு வருவேன். அதே உயரம், அதே அளவு, சன்னல் மூடியிருக்கும். இந்த வீட்டுக்கு வெறும் தட்டின் கணக்கு இதுவரை நம்மிடம் இல்லை. அட்டவணையையும் போட்டு வைத்துவிட்டேன். மேசையில் இருக்கிறது. துகள்கள் என்ற கட்டம் காலி. வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டுவதற்கு முன்னால், 'அறையில் ஆட்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவேன். இந்த முறை அது சரியாக இருக்கும்.

உன் மாமா